சைக்கிள் பந்தயம் பார்க்க விறுவிறுப்பானதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதல் பதிவு, லியோனிலிருந்து, ஜூலை 2025

பிரான்சுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஜூலை பிறந்தால் அலுவலகத்தில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயப் பேச்சுத்தான். சில நாள் முன் அலுவலக நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு நாள் பந்தயத்தை முழுதாகப் பார்த்தேன். நாலு மணி நேரம். 170 சொச்சம் பேர் ஒரே கூட்டமாக மிதித்துக்கொண்டு போகிறார்கள். ஹெலிகாப்டரிலிருந்து கோட்டையையும் சூரியகாந்தித் தோட்டத்தையும் காட்டுகிறார்கள். கடைசி மூன்று நிமிடம் மட்டும் எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள்.

மதுரையில் கபடி பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் ஏதாவது நடக்கும். இதில் என்ன இருக்கிறது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை. 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பாரிசில் முடிகிறதாம். ரயிலேறி வந்து பார்க்கலாமா? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், பாரிஸ் 18ஆம் வட்டாரத்திலிருந்து

தம்பி, நானும் இதே கேள்வியோடு பல வருடம் இருந்தவன். முதல் தடவை நேரில் போனது ஒரு சமவெளிப் பாதையில். காலையிலிருந்து காத்திருந்தோம். பந்தயம் வந்தது, ஒரு காற்று அடித்தது, போய்விட்டது. நாற்பது விநாடி கூட இருக்காது. யார் முகமும் தெரியவில்லை.

பிறகு ஒரு பிரெஞ்சு நண்பர் பந்தயத்தின் கணக்கைச் சொன்னார், அப்போதுதான் பிடிபட்டது. 21 நாள் ஓட்டம், 3,300 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். மொத்தத்தில் குறைந்த நேரம் எடுத்தவருக்கு மஞ்சள் சட்டை. ஒரு நாள் கூட முதலாவதாக வராமல் முழுப் பந்தயத்தையும் வெல்லலாம். 1990இல் கிரெக் லெமாண்ட் அப்படித்தான் வென்றார். ஆகவே நீங்கள் பார்த்த அந்த நாலு மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்பது சரியில்லை. யாருடைய காலில் எவ்வளவு பலம் மிச்சம் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

அந்தக் கூட்டம் ஏன் கூட்டமாகவே போகிறது என்பதை எனக்கு யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. எனக்கு ஊர் வேலணை, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவு. யாழ்ப்பாணத்தில் டியூசன் முடிந்து மாலையில் பண்ணைப் பாலத்தால் திரும்பும்போது சோளகக் காற்று முகத்தில் அறையும். இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் இல்லை. பெரியண்ணை முன்னால் மிதிப்பார். அவருடைய பின் சில்லை ஒட்டி என் முன் சில்லை வைத்துக்கொண்டு போவேன். ஒரு முழம் விலகினாலும் காற்று பிடித்து நிறுத்திவிடும். வீட்டுக்கு வரும்போது அவர் நனைந்த துணி மாதிரி இருப்பார், நான் விளையாடப் போவேன். டூரில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். அதில் ஏழு பேருடைய வேலை பெரியண்ணை செய்த வேலைதான். தலைவனுக்குக் காற்றை மறைப்பது, காரிலிருந்து தண்ணீர்ப் போத்தல்களை முதுகுச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து கொடுப்பது, அவன் சைக்கிள் பழுதானால் தன்னுடையதைக் கொடுப்பது. இது தெரிந்த பிறகு எனக்கு அந்தக் கூட்டம் அலுத்ததே இல்லை.

நேரில் பார்ப்பதென்றால் மலைக்குப் போக வேண்டும். 2022 ஜூலை 14, மகனையும் கூட்டிக்கொண்டு அல்ப் து ஊயெஸ் என்ற மலைக்குப் போனேன். 21 கொண்டை ஊசி வளைவு, கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் ஏற்றம். முதல் நாளே போய்க் காரில் படுத்தோம். காசு எதுவும் இல்லை, வீதி ஓரம் எல்லோருக்கும் சொந்தம். நல்ல வெயில். பந்தயத்துக்கு முன்னால் விளம்பர வண்டிகள் வரிசையாக வந்து தொப்பியும் பிஸ்கட்டும் எறிந்துகொண்டு போயின. பிறகு கீழே பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டர் சத்தம். முதலில் வந்தது டாம் பிட்காக், 22 வயதுப் பையன், அன்று அவர்தான் வென்றார். மூன்றாவதாக வந்தவரைப் பார்த்துத்தான் பக்கத்தில் நின்ற பெரியவர் கண்ணைத் துடைத்தார். கிறிஸ் ஃப்ரூம். நான்கு தடவை டூர் வென்றவர். 2019இல் விழுந்து தொடையெலும்பு முறிந்து, இனி ஓட்டுவாரா என்றே தெரியாமல் இருந்தவர், 37 வயதில் அந்த மலையில் மூன்றாவது.

ஆனால் என் மனதில் நிற்பது கடைசியில் வந்தவர்கள். முன்னால் போனவர்கள் போய் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனபின் ஒரு கூட்டம் வந்தது. ஏறத் தெரியாத, சமவெளியில் வேகமாக ஓடுகிற ஆட்கள். இந்தக் கூட்டத்துக்கு ஓட்டிகளே 'பஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வென்றவரின் நேரத்தோடு குறிப்பிட்ட அளவு கூட்டிக் கெடு வைப்பார்கள், அதற்குள் வராவிட்டால் மறுநாள் ஓட முடியாது. அதனால் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு சேர்ந்து வருவார்கள். அதற்கும் பின்னால் தனியாக ஒருவர். நடக்கிற வேகம்தான். தோளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. மகன் தண்ணீரை நீட்டினான். வாங்கிக் கழுத்தில் ஊற்றிக்கொண்டு வெறும் போத்தலைத் திருப்பி அவன் கையிலேயே கொடுத்தார், எறியவில்லை. அந்த நிலையிலும் தலையசைத்தார். அந்தப் போத்தல் இன்னும் வீட்டில் இருக்கிறது.

ஞாயிறு வாருங்கள். இந்த முறை பாரிசுக்குள் இருக்கும் மொன்மார்த்ர் குன்றில் மூன்று சுற்று ஏறுகிறார்கள், எங்கள் லா ஷப்பேல் பகுதியிலிருந்து நடந்தே போகலாம்.

பதில், கோயம்புத்தூரிலிருந்து

நான் டிவியில் மட்டும் பார்ப்பவள். ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். 2020 செப்டம்பர் 19. கொரோனாவால் ஜூலைப் பந்தயம் தள்ளிப்போன வருடம். மறுநாளோடு முடிகிறது. ப்ரிமோஷ் ரோக்லிச் 57 விநாடி முன்னிலை, இரண்டாவது டதேய் பொகாச்சர், இரண்டு பேரும் ஸ்லோவேனியா. அன்று ஒவ்வொருவராகத் தனியே ஓட வேண்டும், 36 கிலோமீட்டர், கடைசியில் மலை.

57 விநாடியை யாரும் அங்கே விடமாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். திரையின் மூலையில் அந்த எண் குறைந்துகொண்டே வந்தது. நாற்பது, முப்பது, பத்து. ரோக்லிச்சின் ஹெல்மெட் நெற்றியில் கோணலாகிவிட்டது, அதைச் சரிசெய்யக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மேலே வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா தட்டோடு வந்தவர் அப்படியே நின்று, "யாருடி அந்தப் பையன், என்ன ஆச்சு அவனுக்கு?" என்று கேட்டார். மூன்று வாரம் கட்டிக்காத்ததை ஒரு மணி நேரத்தில் தொலைத்துவிட்டான் அம்மா என்றேன். அப்புறம் அவரும் உட்கார்ந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ரோக்லிச் எழுந்து போய், தன்னிடமிருந்து பறித்த பொகாச்சரையே கட்டிப்பிடித்தார்.

மூன்று வாரம் பார்த்திருக்காவிட்டால் அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒரு நாள் மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள்.

பதில், டொரொண்டோவிலிருந்து

எனக்கு மறுப்பு இருக்கிறது. அமெரிக்கர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் டூர் வென்ற ஏழு வருடமும் விடாமல் பார்த்தேன். புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர் என்று என் தம்பிக்கு ஆஸ்பத்திரியில் அவர் கதையைச் சொல்லித் தைரியம் கொடுத்தேன். ஊக்கமருந்து எடுத்ததற்காக 2012இல் ஏழு பட்டத்தையும் பறித்தார்கள். அதற்குப் பிறகு மலையில் யாராவது தனியாகப் பிரிந்து போனால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. விறுவிறுப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். நம்பிப் பார்க்க முடியவில்லை.

பதில், பாரிஸ் 18ஆம் வட்டாரத்திலிருந்து

நீங்கள் சொல்வது நியாயம் அண்ணை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் கடைசியில் வருகிறவர்களைப் பார்க்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் பதிவு எழுதியவர், ஜூலை 28

போனேன். நேற்று பாரிஸ் அண்ணாவும் நானும் அவர் சொன்ன மொன்மார்த்ர் குன்றில், ரூ லெபிக் தெருவில், மதியத்திலிருந்து நின்றோம். குறுகலான தெரு, கருங்கல் பாவியது, இரண்டு பக்கமும் ஆட்கள் நாலைந்து வரிசை. மழை வேறு. வீதி வழுக்குகிறது என்று மொத்த நேரக் கணக்கை முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். பொகாச்சருக்கு நான்காவது பட்டம் அப்போதே உறுதி, பத்திரமாகப் பின்னால் வந்து முடித்திருக்கலாம். அவரோ ஒவ்வொரு சுற்றிலும் முன்னால் நின்று அடித்துக்கொண்டு ஏறினார். விழுந்தால் என்னாவது என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கடைசிச் சுற்றில் பெல்ஜியத்தின் வௌட் வான் ஆர்ட் அவரைப் பின்னால் விட்டுவிட்டு மேலே போனார். கை நீட்டினால் தொடும் தூரம். மூச்சு இரைப்பது கேட்டது, ஈரக் கல்லில் டயர் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. கபடியில் கோட்டைத் தொடக் கை நீள்கிற நேரத்தில் வருமே, அதே படபடப்பு.

எல்லோரும் கலையப் பார்த்தார்கள். அண்ணா, "பொறுங்கோ, இன்னும் ஆட்கள் வருவினம்" என்றார். ஏறக்குறைய எல்லோரும் போய்விட்ட தெருவில் நின்று கடைசி ஆள் வரை கைதட்டினோம்.

பெண்கள் பந்தயம் சனிக்கிழமைதான் தொடங்கியிருக்கிறது. வரும் சனி, ஆகஸ்ட் 2, கோல் து லா மத்லேன் மலையில் ஏறுகிறார்கள். லியோனிலிருந்து யாராவது காரில் போகிறீர்களா? வெள்ளிக்கிழமை இரவே கிளம்பத் தயார், பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.