சப்வூஃபருக்கு ஒரு சொல், வியாழன் மாலைக்குள்

திருச்சி, திங்கள் இரவு

கலைச்சொல் மடற்குழுவினருக்கு வணக்கம்.

ஒரு மாத இதழுக்காக, முப்பதாயிரம் ரூபாய்க்குள் வீட்டில் ஹோம் தியேட்டர் அமைப்பது பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. ஸ்பீக்கர் வரும் இடமெல்லாம் ஒலிபெருக்கி என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஆம்ப்ளிஃபயர் வந்ததும் இடித்தது. ஒலியைப் பெருக்குவது அதுதானே? ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை, வருகிற மின்னலையைக் காற்றில் அதிர்வாக்கித் தருகிறது. சரி, ஊர் ஏற்றுக்கொண்ட பெயர், ஆம்ப்ளிஃபயரை மின்பெருக்கி ஆக்கிச் சமாளித்துவிட்டேன்.

மாட்டிக்கொண்டது சப்வூஃபரில், அதுதான் தாழ்ந்த, கனத்த ஓசையை மட்டும் தருகிற தனிப்பெட்டி. பதினேழு இடத்தில் வருகிறது. 'தாழ் அதிர்வெண் ஒலிபெருக்கி' என்று பதினேழு முறை எழுதினால் வாசகர் மூன்றாவது முறையிலேயே பக்கத்தைப் புரட்டிவிடுவார். கட்டுரையின் முக்கிய வாக்கியமே இதுதான்: 'கையில் பணம் குறைவென்றால் முன்பக்க இரண்டு ஸ்பீக்கருக்கு முதலில் செலவிடுங்கள், பிறகு நடுவில் ஒன்று, சப்வூஃபரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.' அந்தக் கடைசிச் சாமானுக்கு ஒரு பெயர் கொடுங்கள்.

கும்பகோணம், செவ்வாய் காலை

அம்மா, பொருளுக்கு வருமுன் எழுத்தைப் பார்ப்போம். 'சப்' என்று தமிழில் சொல் தொடங்காது. சகரம் அ, ஐ, ஔ மூன்றோடும் மொழிமுதலாகாது என்பது தொல்காப்பியர் விதி. அப்புறம் பகரமெய்யை அடுத்து வகரமா? அதனால் ஒலிபெயர்ப்பு என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

என் பரிந்துரை: முழவு. மழையும் கடலும் முரசும் முழங்கும், குயில் முழங்காது. தாழ்ந்த, கனத்த ஓசைக்கே தமிழர் முழக்கம் என்றார்கள். முழவை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு என்றெல்லாம் சிலப்பதிகார உரைகாரர் அடியார்க்கு நல்லார் வகுத்திருக்கிறார். இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

பெங்களூர், செவ்வாய் காலை

ஐயா, 'சப்' தொடங்காது என்றால் பிள்ளைத்தமிழில் சப்பாணிப் பருவத்தை என்ன செய்வது? சட்டி, சட்டை, சந்தை எல்லாம் நன்னூல் திறந்துவிட்ட வாசலில் எப்போதோ உள்ளே வந்துவிட்டன.

முழவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முழவு என்றால் யாருக்கும் கோயில்தான் நினைவுக்கு வரும். இந்தப் பெட்டியின் தனித்தன்மை அதன் கனத்த ஓசை மட்டுமில்லை, திசை தெரியாமை. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய நாலே கால் மீட்டர். நம் இரண்டு காதுக்கும் இடையே ஒரு சாண்தான். அதனால் அதற்குக் கீழே உள்ள ஒலி எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது பிடிப்பது கடினம். வீட்டுக்கு ஒரு பெட்டி போதும், சோபாவுக்குப் பக்கத்தில்கூட வைக்கலாம் என்பதெல்லாம் இதனால்தான். ஆகவே: திசையிலி.

மதுரை, செவ்வாய் மதியம்

தம்பி, திசையிலி என்று நாளைக்கே ஒரு கவிதைத் தொகுப்பு வந்துவிடும். கடையில் போய்க் கேட்க முடியாது.

கிள்ளான், செவ்வாய் இரவு

மலேசியாவிலிருந்து ஒரு குரல். தாழ்ந்த ஓசைக்கான ஸ்பீக்கருக்கு வூஃபர் என்ற பெயரே நாய் 'வூஃப்' என்று குரைப்பதிலிருந்து வந்தது. உயர்ந்த ஓசைக்கான ட்வீட்டர் என்பது பறவையின் கீச்சு. இரண்டும் ஒலிக்குறிப்புப் பெயர்கள். நாமும் அப்படியே செய்தால் என்ன? நாய் அடித்தொண்டையில் எழுப்புவது உறுமல். உறுமு, உறுமி. சுமைதாங்கி, தொட்டாற்சிணுங்கி போல வினையோடு இகர விகுதி. ட்வீட்டருக்குக் கீச்சி. ஆக கீச்சி, உறுமி, அதற்கும் கீழே இருப்பது அடியுறுமி. ஒரு குடும்பமாகவே பெயர் வைத்துவிடலாம்.

கும்பகோணம், புதன் விடியல்

உறுமி என்பது உயிரோடு இருக்கும் ஒரு தோற்கருவி. வளைந்த குச்சியால் தோலை உரசி வாசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கருவியின் பெயரைப் பிடுங்கி ஒரு மரப்பெட்டிக்கு வைப்பது முறையா?

மேலும் 'அடியுறுமி'யை, உறுமியை அடி என்று கட்டளையாகவும் படிக்கலாம்.

கிள்ளான், புதன் காலை

பிடுங்கவில்லை ஐயா, பெருமை சேர்க்கிறோம். எங்கள் ஊரில் தைப்பூசத்துக்கு உறுமி மேளம் இல்லாமல் காவடி நகராது. போன மாதம் அந்தப் பதிவை வீட்டில் கேட்டேன். சப்வூஃபரை அணைத்தால் உறுமி வெறும் தகரமாகக் கேட்கிறது. உறுமியை உறுமியில் கேட்டால்தான் உறுமி.

முழவும் உயிரோடு இருக்கிற கருவிதானே? அந்தப் பெயரைப் பிடுங்கலாமா?

கும்பகோணம், புதன் காலை

முழவு பொதுப்பெயர், உறுமி சிறப்புப்பெயர். வேறுபாடு உண்டு.

போகட்டும். ஓசைக் கருவிகளுக்குப் பெயர் பிறந்த விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். மத்து என்பது ஓசைப்பெயர், இசைக்கருவிகளுக்கெல்லாம் தளமாக இருப்பதால் மத்தளம் என்றார் உரைகாரர். அந்த மத்தை எடுத்துக்கொண்டால் தாழ்மத்து, உயர்மத்து என்று இரண்டு சொல் கிடைக்கும். மிருதங்கத்திலும் வலந்தலை, தொப்பி என்று இரு பக்கம். தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள், சுருதி இறங்கும். ஆகத் தொப்பி என்றே சொன்னாலும் தகும். நன்னூலோ வல்லினம் உரத்தில், அதாவது நெஞ்சில், பிறக்கிறது என்கிறது. திரையரங்கில் வெடிச்சத்தம் நம்மைத் தொடுவதும் நெஞ்சில்தானே? அந்த வழியில் போனால் உரவொலி...

மதுரை, புதன் காலை

ஐயா, மத்து என்றதும் மோர் கடையத் தோன்றுகிறது. தொப்பி கேட்டால் பக்கத்துத் துணிக்கடைக்கு அனுப்புவார்கள்.

பெங்களூர், புதன் காலை

சிரிக்காதீர்கள், ஐயா சொன்ன ரவைக்குள் இயற்பியல் இருக்கிறது. தோலில் எடை ஏற்றினால் அதிர்வெண் இறங்கும். சப்வூஃபரில் காற்றை அதிரவைக்கும் கூம்பையும் அதே காரணத்துக்காகத்தான் கனமாகச் செய்கிறார்கள். கனமான கூம்பைத் தள்ள நிறைய மின்திறன் வேண்டும், பெரும்பாலானவற்றில் உள்ளேயே தனி மின்பெருக்கி இருப்பது அதற்காக. விலை குறைந்த பெட்டியில் இந்த இடத்தில்தான் கைவைப்பார்கள்: சின்னக் கூம்பு, லேசான பலகை, ஒரே ஒரு சுருதியில் 'தும் தும்' என்று ஊதுகிற ஓட்டை. அடி வாங்கிய தவில்கூட அதைவிடச் சுத்தமாகப் பேசும்.

சென்னை, புதன் மதியம்

அக்கா, ரிச்சி தெருவில் இருபத்திரண்டு வருஷமாக ஆம்ப், ஸ்பீக்கர் பழுது பார்க்கிறவன் சொல்கிறேன். இங்கே யாரும் சப்வூஃபர் என்று முழுசாகக் கேட்பதில்லை. 'பேஸ் பாக்ஸ்' என்பார்கள். தமிழ் வேண்டுமென்றால் பேஸ் பெட்டி என்று போடுங்கள், பாதி வேலை முடிந்தது.

பெயரைவிடப் பெரிய ஏமாற்று வேறொன்று இருக்கிறது, கட்டுரையில் அதைக் கட்டாயம் சேருங்கள். அட்டைப்பெட்டி மேல் '5000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். திருப்பிப் பின்னால் ஒட்டிய சீட்டைப் பார்த்தால் மின்சாரம் எடுப்பதே 60 வாட். அறுபது உள்ளே போய் ஐயாயிரம் எப்படி வெளியே வரும்? ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தருகிற திறன், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். அதற்கு மெய்வாட் என்று பெயர் வையுங்கள், மற்றதற்குப் புளுகுவாட்.

திருச்சி, புதன் மதியம்

மெய்வாட்டைச் சேர்த்துவிட்டேன். புளுகுவாட்டை ஆசிரியர் விடமாட்டார், அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்துப் பார்க்கிறேன்.

இன்னும் இரண்டு சொல். கிராஸ்ஓவர்: இந்த அதிர்வெண்ணுக்கு மேலே உள்ளதை ஸ்பீக்கருக்கும் கீழே உள்ளதை சப்வூஃபருக்கும் பிரித்து அனுப்புவது, வழக்கமாக 80 ஹெர்ட்ஸில். சென்சிடிவிட்டி: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. பாடநூலில் உணர்திறன் என்றிருக்கிறது, ஆனால் ஸ்பீக்கர் எதை உணர்கிறது?

மதுரை, புதன் மதியம்

கிராஸ்ஓவருக்கு மடை. வாய்க்காலில் தண்ணீரை இந்த வயலுக்கு இவ்வளவு, அந்த வயலுக்கு அவ்வளவு என்று பிரித்து விடுவது அதுதானே.

(இதற்கு யாரும் மறுப்பு எழுதவில்லை. குழுவில் இது அபூர்வம்.)

பெங்களூர், புதன் மாலை

சென்சிடிவிட்டியை ஒலிதிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சண்டைக்கு நேரமில்லை. ஆனால் விளக்கத்தை விடாதீர்கள். 87 டெசிபல் ஸ்பீக்கரையும் 90 டெசிபல் ஸ்பீக்கரையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர, முதலாவதற்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். குறைந்த விலை ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் மின்பெருக்கிப் பெட்டி) வைத்திருப்பவருக்கு அந்த 3 டெசிபல் பணத்துக்குச் சமம்.

ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் என்பதற்குப் போடுகிற 5.1ஐ எப்படி எழுதினீர்கள்?

திருச்சி, புதன் மாலை

'ஐந்து புள்ளி ஒன்று' என்றுதான். ஏன்?

கும்பகோணம், புதன் மாலை

பத்தில் ஒரு பங்குக்குத் தமிழில் பெயர் இருக்கிறது அம்மா. மா என்றால் இருபதில் ஒன்று, இருமா பத்தில் ஒன்று. ஐந்தே இருமா என்று எழுதலாம்.

பெங்களூர், புதன் மாலை

அருமை ஐயா! ஆனால் அந்த '.1' கறாரான கணக்கு இல்லை. ஐந்து தடங்கள் 20,000 ஹெர்ட்ஸ் வரை போகின்றன, ஆறாவது 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 120ஐ 20,000ஆல் வகுத்தால் ஏறக்குறைய 167இல் ஒரு பங்கு. 160இல் ஒன்றுக்கு அரைக்காணி என்று பெயர். எனவே ஐந்தே அரைக்காணி!

மதுரை, புதன் மாலை

கடைக்காரரிடம் ஐந்தே அரைக்காணி கேட்டால் நிலத்தரகரைக் கூப்பிடுவார்.

யாழ்ப்பாணம், புதன் இரவு

எல்லாரும் 'வூஃபர்' எண்டு எழுதுகிறீர்கள், ஒருவருக்கும் உறுத்தவில்லையா? ஆய்தம் குறிலுக்குப் பின்னும் வல்லின உயிர்மெய்க்கு முன்னும் நிற்க வேணும்: அஃது, எஃகு. இங்கே முன்னால் நிற்பது நெடில். ஒலிபெயர்ப்பதெண்டால் சப்வூபர் எண்டு விடுங்கோ, சனம் எப்படியும் சரியாகத்தான் வாசிக்கும்.

இன்னொன்று: 'சப்' என்பதற்குத் 'துணை'யைச் சேர்த்து ஒரு சொல் வரும் எண்டு பயந்துகொண்டிருந்தேன், நல்லகாலம் வரவில்லை. துணைவேந்தர் மாதிரி வூபருக்குக் கீழே வேலை செய்கிற பெட்டி இல்லை இது. அதன் எல்லைக்குக் கீழே ஒலிக்கிற பெட்டி. ஆகவே 'அடி' சரி. என் வாக்கு அடியுறுமிக்கு.

மட்டுறுத்துநர், வியாழன் காலை

மூன்று நாளில் 94 மடல்கள். பாதி பேர் மடல் வருவதை நிறுத்தச் சொல்லி எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார்கள். வந்த வாக்குகள்: அடியுறுமி 6, சப்வூஃபர் (ஆய்தத்தோடும் இல்லாமலும்) 5, பேஸ் பெட்டி 4, முழவு 1. திசையிலியை அதை முன்மொழிந்தவரே கைவிட்டுவிட்டார். இதை முடிவு என்று நான் சொல்லவில்லை.

சென்னை, வியாழன் காலை

எந்தப் பெயரும் வையுங்கள், எங்கே வைப்பது என்று எழுதுங்கள். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், கூடவே குழறும். ஒரு வழி இருக்கிறது. நீங்கள் உட்காரும் சோபாவில் பெட்டியைத் தூக்கி வையுங்கள். பேஸ் நன்றாக உள்ள ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போங்கள். எங்கே ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்துவிட்டு நீங்கள் சோபாவுக்குப் போய்விடலாம். செலவில்லாத வேலை. ஜன்னலைச் சாத்திக்கொள்வது நல்லது, பக்கத்து வீட்டார் பார்த்தால் கேள்வி வரும்.

மதுரை, வியாழன் காலை

பிள்ளைத்தமிழில் இந்தப் பருவத்துக்கு என்ன பெயர் ஐயா, செங்கீரையா?

கும்பகோணம், வியாழன் காலை

செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கையையும் ஊன்றித் தலையை அசைப்பது. தவழ்வது வேறு.

திருச்சி, வியாழன் இரவு

அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் 'கடைகளில் சப்வூஃபர் அல்லது பேஸ் பாக்ஸ் எனப்படும் அடியுறுமி' என்று எழுதி, பிறகு அடியுறுமி மட்டும். மடை, மெய்வாட், ஒலிதிறம் மூன்றும் தப்பின. ஆசிரியர் தொலைபேசியில் ஒரு கேள்விதான் கேட்டார்: 'அடியுறுமின்னா மேளமா மேடம்?' விளக்கினேன். தலைப்பில் மட்டும் பேஸ் பாக்ஸ் ஆக்கிவிட்டார். ஐந்தே அரைக்காணியை நான் அனுப்பவே இல்லை, மன்னியுங்கள். எல்லோருக்கும் நன்றி.

கும்பகோணம், வெள்ளி காலை

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்: முழவு. பத்தாண்டு கழித்துப் பேசிக்கொள்வோம்.

சென்னைத் தம்பிக்கு ஒரு தனிக்கேள்வி, எல்லோரும் படித்தாலும் குற்றமில்லை. புதுத் தொலைக்காட்சி வாங்கியதிலிருந்து அதில் பேசுகிறவர்கள் சொல்வது எனக்கு விளங்குவதில்லை, பாட்டும் வெடியும் மட்டும் பெரிதாகக் கேட்கின்றன. பேரன் பெரிய முழவொன்று வாங்கித் தருகிறேன் என்கிறான். வாங்கலாமா?

சென்னை, வெள்ளி காலை

வேண்டாம் ஐயா. வெடி இன்னும் பெரிதாகக் கேட்கும், அவ்வளவுதான். பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். டிவிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் அடிப்பக்கமாகவோ சுவரைப் பார்த்தோ இருப்பதால் சொல் மழுங்கிவிடுகிறது. ஒரு நல்ல ஜோடியை டிவிக்கு இரண்டு பக்கமும், உட்கார்ந்தால் உங்கள் காது உயரத்தில், உங்களைப் பார்த்த மாதிரி வையுங்கள். நேர் நடுவில் உட்கார்ந்தால் பேச்சு டிவியிலிருந்தே வருகிற மாதிரி இருக்கும். மெய்வாட் இருபது போதும். பேரனை எனக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.