இரண்டு வட்டிக்கு விட்டுவிட்டுத் திருவிருந்துக்கு வரலாமா?

சத்துவாச்சாரிக்காரர்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் சபைக்குள்ளேயே வட்டிக்கு விடுவது சகஜமாகிவிட்டது. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம், இடையில் ஆஸ்பத்திரிச் செலவு, டிசம்பரில் துணிமணி என்று கடன் கேட்கிறவரும் கொடுக்கிறவரும் ஒரே ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். விசுவாசி விசுவாசியிடம் வட்டி வாங்கவே கூடாது என்பது என் கருத்து. வேதாகமத்தில் யாத்திராகமம் 22:25, லேவியராகமம் 25:36, உபாகமம் 23:19, சங்கீதம் 15:5, எசேக்கியேல் 18:8, எல்லாம் ஒரே பேச்சுதான். எபிரேயத்தில் வட்டியைக் குறிக்கும் 'நேஷெக்' என்ற சொல்லின் வேருக்கே 'கடிப்பது' என்று பொருள். 325இல் நிசேயா சங்கம், அதாவது திருச்சபைத் தலைவர்கள் கூடிய பேரவை, வட்டி வாங்கும் குருமாரைப் பதவி நீக்கச் சொன்னது, 17ஆம் விதி. 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம், ஊரறிய வட்டித் தொழில் செய்பவருக்குத் திருவிருந்தும் (ஆலயத்தில் அப்பமும் ரசமும் பெறும் பந்தி) கிறிஸ்தவ முறை நல்லடக்கமும் கிடையாது என்றது. இன்று வட்டிக்கு விடுகிறவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார்.

பாலாற்றங்கரை:
ஐயா, வசனத்தை முழுசாகப் படிக்க வேண்டும். யாத்திராகமம் 22:25 சிறுமைப்பட்டவனுக்குக் கொடுக்கும் கடனைப் பேசுகிறது. லேவியராகமம் 25:35 'உன் சகோதரன் தரித்திரப்பட்டு' என்றுதான் தொடங்குகிறது. அரிசி வாங்கக் கடன் கேட்பவரும், லுங்கி நெய்ய நூல் கொள்முதல் செய்யக் கேட்பவரும் ஒன்றா? இரண்டாமவர் அந்தப் பணத்தில் சம்பாதிக்கிறார். அதில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு வருவதில் என்ன அநியாயம்? 16ஆம் நூற்றாண்டுத் திருச்சபைச் சீர்திருத்தவாதி கால்வின் இந்த இரண்டையும் பிரித்தே பார்த்தார். மத்தேயு 25:27இல், இயேசு சொன்ன தாலந்து உவமையில், பணத்தைப் புதைத்து வைத்த வேலைக்காரனிடம், காசுக்காரரிடம் போட்டிருந்தால் வட்டியோடு கிடைத்திருக்குமே என்று எஜமான் கேட்பதையும் தள்ளிவிட முடியாது.

இன்னொன்று. 5 லட்சம் கொடுத்துப் போக்கியத்துக்கு வீடு எடுக்கிறோம், வாடகை கிடையாது. அந்த வீட்டுக்கு மாதம் 7,000 வாடகை போகும் என்றால் வருஷத்துக்கு 84,000. கணக்குப் போட்டால் 16.8 சதவீதம், மாதம் ஒண்ணே கால் வட்டிக்கும் மேல். அதை யாரும் வட்டி என்று சொல்வதில்லை.

லாங் பஜார்:
பிரதர்ஸ், இரண்டு வட்டி மூணு வட்டியை விட முதலில் தண்டலைப் பேசுங்கள். காய்கறிக் கடை, தள்ளுவண்டி எல்லாம் அதில்தான் ஓடுகிறது. பத்தாயிரம் என்று பேச்சு, 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள். 'நூறு நாளைக்கு 15 சதவீதம்தானே' என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைகிறது. சராசரியாக நிலுவையில் நிற்பது 4,500 ரூபாய்தான், அதற்கு 100 நாளில் 1,500. அதாவது மாதம் பத்து வட்டி.

மாட்டிக்கொள்வது எங்கே என்றால், 60ஆம் நாள் கை முடையாகும்போது. பாக்கி 4,000 இருக்கும். 'புதுசா எடுத்துக்கோ' என்பார்கள். புதுப் பத்தாயிரத்தில் 1,500 வட்டி, 4,000 பழைய பாக்கி போக கையில் 4,500. அந்த 4,000த்துக்கு மீதி 40 நாள் வட்டியை முன்பே பிடித்தாயிற்று, இப்போது அதே தொகைக்கு மறுபடி பிடிக்கிறார்கள். இப்படி மூன்று தடவை திருப்பினால் அந்த ஆள் மீளுவது கஷ்டம்.

சத்துவாச்சாரிக்காரர்:
லாங் பஜார் தம்பி சொன்னது சரி. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் 2003 சட்டம் இருக்கிறது, மூன்று வருஷம் வரை ஜெயில், 30,000 வரை அபராதம். சட்டத்துக்குப் பயப்படுவது வேறு, கர்த்தருக்குப் பயப்படுவது வேறு.

பாலாற்றங்கரை ஐயாவுக்கு: நெகேமியா 5ஆம் அதிகாரம் பாருங்கள். வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்துத் தானியம் வாங்கினவர்கள், பிள்ளைகளை அடிமையாக விடவேண்டிய நிலைக்கு வருகிறார்கள். கொடுத்தவர்கள் அந்நியர் அல்ல, சொந்த யூத சகோதரர். 11ஆம் வசனத்தில் 'நூற்றுக்கு ஒன்று' என்பதைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறான் அவர்களின் தேசாதிபதியான நெகேமியா. அது மாத வட்டி என்றே பல வியாக்கியானிகள் எடுக்கிறார்கள். நூற்றுக்கு மாதம் ஒன்று! நம் ஊரில் 'ஒரு வட்டிதான், தெரிஞ்சவங்க என்பதால்' என்று சலுகையாகச் சொல்கிறோமே, அதே விகிதம்.

பாலாற்றங்கரை:
நெகேமியா 5 பஞ்ச காலம், அதை மூன்றாம் வசனமே சொல்கிறது. பஞ்சத்தில் ஒரு வட்டியும் பாவம், ஒத்துக்கொள்கிறேன். அதை நூல் வியாபாரத்துக்கும் நீட்டாதீர்கள். வட்டியே இல்லை என்றால் யாரும் கொடுக்கமாட்டார்கள், கேட்கிறவர் நேரே தண்டல்காரரிடம்தான் போவார்.

வட்டி விகிதத்தை விட ஈடு விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் தவறுகிறார்கள் என்பேன். உபாகமம் 24:6 திரிகைக் கல்லை அடகு வாங்காதே என்கிறது. அது போனால் அன்றைய மாவு கிடையாது. இன்றைய திரிகைக் கல் எது? ஏடிஎம் கார்டு. ஷூ கம்பெனித் தொழிலாளியின் கார்டையும் பின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டு, சம்பளம் ஏறின அன்று காலையிலேயே எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது. ஆட்டோவின் ஆர்சி புத்தகம், தையல் மெஷின், ரேஷன் கார்டு இவையும் அந்தக் கல்தான். தொகை எழுதாத புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குவது அதைவிட மோசம். பின்னால் எந்தத் தொகையையும் நிரப்பலாம். 24:10-11 அடகு வாங்க அவன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில் என்கிறது. வசூலுக்குப் போகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

சத்துவாச்சாரிக்காரர்:
ஈடு பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுக்கமாட்டேன்.

அணைக்கட்டு அக்கா:
வட்டியில்லாமல் யாரும் கொடுக்கமாட்டார்கள் என்பது சரியில்லை. கைமாற்று நிதி ஒழுங்காக வைத்தால் ஓடும். 60 குடும்பம், ஆளுக்கு 500, மொத்தம் 30,000. ஒருவருக்கு அதிகபட்சம் 5,000, மாதம் 500 வீதம் பத்துத் தவணை. முதலில் ஆறு பேருக்குக் கொடுத்தால் மாதம் 3,000 திரும்பும், இரண்டு மாதத்துக்கு ஒரு புதுக் கடன் கொடுக்கலாம்.

இப்படிப்பட்ட நிதி படுத்துவிடுவது எதனால்? ஆயரோ செயலாளரோ தனியாக முடிவெடுத்தால் உறவுக்காரருக்கு முதலில் போகும். அதனால் மூன்று பேர், அதில் இரண்டு பெண்கள், வருஷா வருஷம் மாற வேண்டும். நோட்டுக் கணக்கு வாங்கினவர் கையிலும் ஒரு பிரதி. பெயரை அறிவிப்பில் வாசிக்கவே கூடாது, வாசித்தால் உண்மையில் தேவைப்படுகிறவர் வரமாட்டார். டிசம்பர், ஜூன் இரண்டு மாதமும் தவணைக்கு விடுமுறை விடுங்கள், அந்த மாதங்களில்தான் முதல் தவணை தவறும். ஒரு தவணை தவறினவர் வெட்கப்பட்டு ஆலயத்துக்கே வராமல் போகிறார். பத்தில் ஒன்று திரும்பாது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். லூக்கா 6:35 கைம்மாறு கருதாமல் கொடுக்கச் சொல்கிறது.

பாலாற்றங்கரை:
அக்கா, 5,000க்கு இது சரி. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். பென்ஷன் இல்லாத விதவை, 65 வயது. கையில் 3 லட்சம். இரண்டு வட்டிக்குக் கொடுத்து மாதம் 6,000 வாங்கி அரிசியும் மாத்திரையும் வாங்குகிறார். அவரையும் திருவிருந்திலிருந்து நிறுத்துவீர்களா?

சத்துவாச்சாரிக்காரர்:
நிறுத்தமாட்டேன். ஆனால் அந்த 3 லட்சமே ஆபத்தில் இருக்கிறது, வாங்கினவர் ஊரை விட்டுப் போனால் அசலும் போச்சு. தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடச் சொல்வேன். 8.2 சதவீதம் என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு 6,150.

பாலாற்றங்கரை:
அதாவது மாதம் 2,050. மீதி 3,950?

அணைக்கட்டு அக்கா:
1 தீமோத்தேயு 5:4 முதலில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்கிறது. அவர்கள் இல்லை என்றால் 5:16 சபை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுக்கிறோம், அந்தப் பணம் காம்பவுண்டு சுவருக்குப் போகிறது. இந்த வருஷ ஏலத்தில், குறைகிற 3,950க்கு பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து 47,400ஐ அந்த அம்மா பேரில் ஒதுக்க வேண்டும் என்று கமிட்டிக்கு மனு எழுதுகிறேன். நீங்கள் இருவரும் கையெழுத்துப் போடுகிறீர்களா?