கார் கார்பெட் நனையுதா? சேலம், ஏற்காடு வண்டிக்காரங்க அனுபவத்தைச் சொல்லுங்க

அழகாபுரத்திலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மழை ஆரம்பிச்சா நம்ம பக்கம் நிறைய வண்டியில முன் சீட் மேட்டுக்கடியில தண்ணி நிக்குது. சேலத்துக்குள்ளயே ஓடுற வண்டிக்கு ஒரு மாதிரி, அடிக்கடி மலை ஏறி இறங்குற வண்டிக்கு வேற மாதிரி. எங்க வண்டியில நடந்ததை முதல்ல சொல்றேன். நீங்களும் பார்த்ததைச் சொன்னா, பின்னாடி தேடுற யாருக்காவது உதவும்.

எங்களோடது சின்ன டீசல் வண்டி. ஏற்காட்டுல இருந்து இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் டேஷ்போர்டுக்குள்ள தண்ணி அலம்புற சத்தம் கேட்டுச்சு. பாதி வளைவு இறங்குறதுக்குள்ள இடது சீட்டுல இருந்த எங்கம்மா கால் மேல தண்ணி கொட்டிடுச்சு. அன்னிக்கு ஒரு சொட்டு மழை இல்லை. மலையில பனிமூட்டம் மட்டும்தான். வண்டி வாங்கின இடத்து சர்வீஸ்ல காட்டினா, கதவைச் சுத்தி இருக்கிற ரப்பர், அதான் பீடிங், நாலும் மாத்தணும்னு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தாங்க.

எங்க தெருவுல ஏசி வேலை பார்க்கிற பெரியவர் ஒருத்தர் கேட்டது ஒரே கேள்விதான்: "மழை இல்லாத நாள்ல பீடிங் வழியா எப்படிப்பா தண்ணி வரும்?" ஏசியைப் போட்டுவிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு வண்டிக்கு அடியில பார்க்கச் சொன்னார். ஏசி ஓடுற வண்டிக்கு அடியில இடது பக்கம் முன்னால சொட்டுச் சொட்டா தண்ணி விழணும். எங்க வண்டியில தரை காய்ஞ்சு கிடந்துச்சு. கூலிங் காயில்ல படியற ஈரம் வெளிய போறதுக்கு ஒரு ரப்பர் டியூப் இருக்கு, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகட்டுல, கீழ இடது பக்கம். அதோட வாயில குளவி மண் கூடு கட்டியிருந்துச்சு. மண்ணை மெதுவா எடுத்ததும் ஒரு சொம்புத் தண்ணி ஒரே மூச்சுல கொட்டுச்சு. அதுக்கப்புறம் அந்தச் சத்தமும் இல்லை, ஈரமும் இல்லை. பீடிங் நாலும் பழசேதான் இருக்கு.

ஒரு விஷயம் முக்கியம். அந்த டியூப்ல காத்து அடிக்கிறவங்க பஞ்சர் கடை கம்ப்ரசரை முழு பிரஷர்ல வைக்கக் கூடாது. உள்ள டியூப் கழண்டா டேஷ்போர்டையே பிரிக்க வேண்டி வரும்னு அவர் சொல்லிட்டார். குறைச்ச காத்து, இல்லைன்னா வளையற நைலான் கம்பி போதும்.

அஸ்தம்பட்டியிலிருந்து:

நான் டிங்கரிங் பட்டறை வச்சிருக்கேங்க. தண்ணி புகுந்த வண்டிங்க மழைக்காலத்துல நிறைய வரும். வர்றவங்கள்ல பாதிப் பேர் கையிலயே சிலிகான் டியூபை வாங்கிட்டு வந்துடுவாங்க, "இங்க ஈரமா இருக்கு, இங்க அடைச்சிடுங்க"ன்னு. நான் அடைக்க மாட்டேன். ஈரம் தெரியுற இடம் வேற, தண்ணி நுழையுற இடம் வேற. கூரையில நுழைஞ்ச தண்ணி, கூரையைத் தாங்குற தூணான பில்லருக்குள்ள இறங்கி, வாசப்படித் தகட்டு மேல ஓடி, பள்ளமா இருக்கிற இடத்துல போய் நிக்கும். பின் சீட்டுக்கடியில ஈரம்னு வந்த வண்டியில முன் கண்ணாடி மூலையில ஓட்டை பார்த்திருக்கேன்.

அதனால முதல்ல தண்ணி என்ன தண்ணின்னு பார்க்கணும். வாடை இல்லாம தெளிவா இருந்து, ஏசி போட்ட நாள்ல மட்டும் வந்தா, மேல அழகாபுரம் தம்பி சொன்னதுதான். மழையிலோ வாட்டர் வாஷ் விட்டப்பவோ மட்டும் வந்தா, வெளியில இருந்து வருது. கொஞ்சம் கலரா, விரல்ல தொட்டா வழவழன்னு, இனிப்பு வாடையோட இருந்தா அது கூலன்ட், இன்ஜினைக் குளிர வைக்கிற திரவம். அந்த வண்டியை ஓட்டாதீங்க.

வெளித்தண்ணின்னு தெரிஞ்சா கார்பெட்டைத் தூக்கி, தரைத் தகடு வரைக்கும் நல்லாக் காய வைப்பேன். ஈரத்தோட தேடினா எது புதுத் தண்ணி, எது பழசுன்னு தெரியாது. காய்ஞ்ச அப்புறம் தகட்டு மேல செய்தித்தாளை விரிச்சு, பையன் ஒருத்தனை டார்ச்சோட உள்ள உக்கார வைப்பேன். வெளிய நான் சாதாரண தோட்டத்து ஹோஸ்ல தண்ணி விடுவேன். பிரஷர் கன் வேண்டவே வேண்டாம், அது நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணியை உள்ள தள்ளிடும், நாம இல்லாத ஓட்டையைத் தேடிட்டு இருப்போம். கீழ இருந்து மேல போகணும். முதல்ல வாசப்படி, அப்புறம் கதவு, அப்புறம் கண்ணாடி, கடைசியா கூரை. மேல இருந்து ஊத்தினா எல்லாம் ஒண்ணா நனைஞ்சுடும், எது குத்தவாளின்னே தெரியாது. ஒவ்வொரு இடத்துலயும் சில நிமிஷம் பொறுமையா விடணும். ஒரு மதியம் முழுக்க ஆகுற வேலை இது. வண்டிக்காரங்க பக்கத்துலயே நின்னு பார்க்கிறது நல்லது.

ஹோஸுக்கு ஆள் இல்லைன்னா சோப்புத் தண்ணி முறை இருக்கு. கண்ணாடி எல்லாம் ஏத்திட்டு, புளோயரை வெளிக்காத்து பக்கம் வச்சு முழு வேகத்துல ஓட விடுங்க. வெளிய பீடிங் ஓரமா சோப்புத் தண்ணி தெளிங்க. காத்து கசியுற இடத்துல குமிழி வரும். பின் பம்பர் பக்கம் மட்டும் காத்து வந்தா பயப்படாதீங்க, கேபின் காத்து வெளிய போறதுக்குக் கம்பெனியே வச்ச வழி அங்க இருக்கு.

பீடிங் பிடிமானம் பார்க்க ஒரு துண்டுக் காகிதம் போதும். கதவுக்கு நடுவுல வச்சுச் சாத்திட்டு இழுத்துப் பாருங்க. சுத்திலும் ஒரே மாதிரி இறுக்கமா வரணும். ஒரு இடத்துல லேசா உருவிக்கிட்டு வந்தா அங்க ரப்பர் படியலை. அதுக்கு ரப்பரே காரணம்னு இல்லை, கதவு கீல் இறங்கியிருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

சிலிகான் பத்தி ஒரு வார்த்தை. வினிகர் வாடை அடிக்கிற மலிவு சிலிகானை பாடித் தகட்டுல வைக்காதீங்க. அந்த அமிலம் தகட்டை அரிக்கும், பின்னால அந்த இடத்துல பெயின்டும் பிடிக்காது. தகட்டுக்குன்னு பாலியூரிதேன் சீலன்ட் தனியா கிடைக்குது. முன் கண்ணாடியை மாத்தின வண்டியில ஒழுகினா, மேல மேல பூசறது வேலைக்கு ஆகாது. கண்ணாடியை எடுத்து, விளிம்புல துரு இருந்தா சுரண்டி, பிரைமர் அடிச்சு, புதுசா ஒட்டணும்.

நாகலூரிலிருந்து:

நான் காபித் தோட்டத்துல இருக்கேன். இங்க வண்டி நிக்கிறது சில்வர் ஓக் மரத்தடியில. அந்த இலை சீப்பு மாதிரி பிரிஞ்சு பிரிஞ்சு இருக்கும், எந்தச் சந்துலயும் நுழைஞ்சுடும். வைப்பருக்கு அடியில கறுப்பு பிளாஸ்டிக் தட்டு இருக்கு பாருங்க, அதுக்குக் கீழ மழைத் தண்ணி வடியறதுக்கு ரெண்டு பக்கமும் ஓட்டை. இலை உள்ள போய் மக்கிச் சேறாகி அந்த ஓட்டையை அடைச்சிடும். தண்ணி தொட்டி மாதிரி நிறைஞ்சு, புளோயருக்குக் காத்து போற வழியா கேபினுக்குள்ள இறங்கும்.

இதுல என்னைப் படுத்தின விஷயம் சரிவு. தோட்டத்துல வண்டி நிறுத்துற இடம் இடது பக்கம் சாய்ஞ்சு, மூக்கு இறங்கி இருக்கும். ராத்திரி மழை பெஞ்சா காலையில இடது பக்கம் குளம். சேலத்துக்குக் கொண்டு வந்து காட்டினா, சமதரையில எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் ஒரு சொட்டு உள்ள வராது. "உங்க வண்டியில ஒண்ணும் இல்லை சார்"னு திருப்பி அனுப்பிடுவாங்க. கடைசியா ஒரு மெக்கானிக் தம்பி தோட்டத்துக்கே வந்தான். வண்டி நின்ன இடத்துலயே, நின்ன சாய்மானத்துலயே வச்சுத் தண்ணி விட்டான். ரெண்டாவது குடம் ஊத்துறதுக்குள்ள உள்ள வந்துடுச்சு. மலையில வண்டி வச்சிருக்கிறவங்க இதைக் கட்டாயம் மெக்கானிக்கிட்ட சொல்லுங்க: வண்டி எப்படி நின்னப்ப நனைஞ்சதுன்னு. பட்டறையில பார்க்கிறதா இருந்தா, ஒரு பக்கச் சக்கரத்தை ராம்ப்ல ஏத்தி, மத்த சக்கரத்துக்குக் கல் வச்சு, அதே சாய்மானத்தை உண்டாக்கிப் பார்க்கணும்.

இன்னொரு அடையாளம். குளோவ் பாக்ஸைக் கழட்டினா பின்னால ஏசி பில்டர் இருக்கும். அது நனைஞ்சு கறை பிடிச்சிருந்தா தண்ணி மேல இருந்து வருது, வைப்பர் தட்டைப் பாருங்க. பில்டர் காய்ஞ்சிருந்து கார்பெட் மட்டும் நனைஞ்சிருந்தா வேற இடம் தேடணும்.

இப்ப மாசம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து கையாலயே இலையை அள்ளிடுறேன்.

சூரமங்கலத்திலிருந்து:

கூலன்ட் விஷயத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதைத்தான் பல வாரம் மழைத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஆசிரியை. தினமும் பள்ளிக்கு நான்தான் ஓட்டுவேன். காலையில் முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் தடவியது போல ஒரு படலம் இருக்கும். துடைத்தால் இன்னும் மோசமாகப் பரவும். உள்ளே ஏதோ பாகு காய்ச்சிய வாடை. சேலத்தில் ஹீட்டர் போடுவது யார்? மார்கழியில் உறவினர்களோடு ஏற்காடு போனபோது போட்டோம். போட்டவுடன் கண்ணாடி முழுவதும் ஆவி, முன்னால் சாலையே தெரியவில்லை. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

டேஷ்போர்டுக்குள் ஹீட்டருக்கென்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. சூடான கூலன்ட் அதன் வழியாகவும் ஓடுகிறது. எங்கள் வண்டியில் அது கசிந்து கார்பெட்டில் இறங்கியிருந்தது. கூலன்ட் டப்பாவில் அளவு கோட்டுக்குக் கீழே போயிருந்தது. கூலன்ட் குறைந்த வண்டியோடு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் இன்ஜின் சூடேறி நின்றுவிடும். சேலம் ஊர் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்குப் பக்கம். அந்த ஏற்றம் முழுவதும் இன்ஜினுக்குச் சுமைதான். மெக்கானிக் அன்றைக்கு ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் இன்ஜின் பக்கமே ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். அது தற்காலிகம். பிறகு புதிய பாகம் வந்ததும் டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டார்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நச்சு. இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும். சிந்தியதை உடனே கழுவுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள்.

அம்மாப்பேட்டையிலிருந்து:

என்னோடது சுருக்கம்தான். கதவுல புது ஸ்பீக்கர் மாட்டினதுக்கு அப்புறம் அந்தப் பக்கம் மட்டும் ஈரம். கதவுக்குள்ள கண்ணாடி வழியா மழைத் தண்ணி இறங்குறது சகஜம், கதவுக்கு அடியில இருக்கிற ஓட்டை வழியா வெளிய போயிடும். அது கேபின் பக்கம் வராம இருக்கத்தான் கதவோட உள்பக்க அட்டையான ட்ரிம்முக்குப் பின்னால ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டியிருக்காங்க. ஸ்பீக்கர் மாட்டினவங்க அதைக் கிழிச்சுட்டு செலோடேப் போட்டிருந்தாங்க. புது ஷீட், பியூட்டைல் டேப், அவ்வளவுதான். கதவைச் சாத்தும்போது உள்ள தண்ணி குலுங்குற சத்தம் கேட்டா அடி ஓட்டை அடைச்சிருக்குன்னு அர்த்தம், ஒரு குச்சியால குத்தி விடுங்க.

கொண்டலாம்பட்டியிலிருந்து:

டிக்கியையும் பாருங்க நண்பர்களே. ஸ்டெப்னியை யாரும் எடுக்கிறதில்லை. நான் பஞ்சர் ஆனப்ப எடுத்தேன், அடியில அரைப்பள்ளம் தண்ணி, ஜாக்கி முழுக்கத் துரு. பின் லைட்டைச் சுத்தி இருக்கிற ரப்பர் வாஷர் காய்ஞ்சு சுருங்கியிருந்துச்சு. லைட்டைக் கழட்டி வாஷர் மாத்தினதும் நின்னுடுச்சு. பள்ளத்துல ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைத் தள்ளித் தண்ணியை விட்டுட்டு மறக்காம திருப்பி மாட்டணும். ரிவர்ஸ் கேமரா வயருக்கு ஓட்டை போட்டிருந்தா அதையும் பாருங்க.

சீலநாயக்கன்பட்டியிலிருந்து:

சன்ரூஃப் இருக்கிறவங்களுக்கு: அது தண்ணியை முழுசா நிறுத்துற மாதிரி செஞ்சது இல்லை. உள்ள வர்ற தண்ணியை வாய்க்கால் மாதிரி ஒரு காடி பிடிச்சு, மூலைக்கு ஒண்ணா இருக்கிற மெல்லிசு டியூப் வழியா கீழ அனுப்பும். டியூப் அடைச்சா கூரையோட உள்பக்கத் துணி நனையும், இல்லைன்னா பில்லர் வழியா சொட்டும். சன்ரூஃபைத் திறந்து மூலையில கொஞ்சமா தண்ணி ஊத்துங்க. அது தரையில வந்து விழுதான்னு பாருங்க. விழலைன்னா அடைப்பு.

அழகாபுரத்திலிருந்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பட்டறை அண்ணே, ஒரு சந்தேகம். எங்க வண்டியில தண்ணி வர்றது நின்னும் வாடை போகலை. மேட்டைக் காய வச்சோம், வாசனை டப்பா வச்சோம். என்ன பண்ணலாம்?

அஸ்தம்பட்டியிலிருந்து:

வாசனை டப்பாவை எடுத்துடுங்க தம்பி. கார்பெட் மேல காய்ஞ்சிருக்கும், அடியில தடியா ஃபோம் இருக்கு. அது தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், மூடி இருக்கிற வரைக்கும் வாரக்கணக்குல காயாது. பூசணம் அதுல இருந்துதான். முன் சீட்டைக் கழட்டி, கார்பெட்டை ஃபோமோட வெளிய எடுத்து, தண்ணி உறிஞ்சுற வேக்குவம் போட்டு, அப்புறம் வெயில்ல காய வைக்கணும். ஏற்காட்டுல இருக்கிறவங்க மழை மாசத்துல அங்கயே காய வைக்கப் பார்க்காதீங்க, காத்துலயே ஈரம். கீழ கொண்டு வாங்க, நம்ம சேலத்து வெயில் வேலையைப் பார்த்துக்கும்.

சீட்டைக் கழட்டுறதுக்கு முன்னால பேட்டரி கனெக்ஷனை எடுத்துட்டு சில நிமிஷம் காத்திருங்க. சீட்டுக்கடியில மஞ்சள் சாக்கெட் இருந்தா அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, பழக்கம் இல்லாதவங்க கை வைக்காம எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. கார்பெட்டுக்கடியில ஓடுற வயர் ஜாயின்ட்ல பச்சையா பூத்திருக்கான்னு அவரையே பார்க்கச் சொல்லுங்க. அந்தப் பச்சையை விட்டுட்டா கொஞ்ச மாசம் கழிச்சு சென்ட்ரல் லாக் வேலை செய்யாது, டேஷ்போர்டுல வார்னிங் லைட் எரியும், அப்ப யாரும் தண்ணியை நினைக்க மாட்டாங்க. தரைத் தகட்டுல துரு இருந்தா அந்த நேரத்துலயே சுரண்டி பிரைமர் அடிச்சுக்கலாம். கார்பெட் வெளிய இருக்கும்போதே ஏசியை அரை மணி நேரம் ஓட விட்டு, ஹோஸையும் ஒரு தடவை பிடிச்சுப் பார்த்துட்டு, தகடு காய்ஞ்சே இருந்தா மட்டும் திருப்பி மாட்டுங்க.