ரிங்கோகைனசிஸ்: ‘அலகு நெகிழ்வு’ வேண்டாமே, ‘நுனிவளைப்பு’ எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

பறவை தன் மேல்மூக்கை வளைக்கும் அசைவுக்கு ஆங்கிலத்தில் ரிங்கோகைனசிஸ் என்று பெயர். அதற்குத் தமிழ்ச் சொல்லாக ‘அலகு நெகிழ்வு’ என்று போன வாரம் இங்கே ஒரு பரிந்துரை வந்தது. பலரும் சரி என்றார்கள், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஞாயிறு காலை புதுச்சேரிப் பக்கம் ஊசுட்டேரிக்குப் போய் வந்த பிறகு அந்தச் சொல் எனக்கு ஒட்டவில்லை.

தண்ணீர் வடிந்து கரையோரம் சேறு தெரிகிறது. அரிவாள் மூக்கன்களுக்கு நடுவே இருபது முப்பது மூக்கன்கள், நீள மூக்குள்ள கரைப்பறவைகள். சிலவற்றின் கழுத்தில் செம்பழுப்பு ஏறத் தொடங்கிவிட்டது, ஊருக்குக் கிளம்பும் முன் புதுத்துணி. கருவால் மூக்கனா பட்டைவால் மூக்கனா என்று நிற்கும்போது சொல்வது லேசில்லை. பட்டைவாலுக்கு மூக்கு சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும், முதுகில் கோடுகள் கூடுதல், அவ்வளவுதான். யாரோ மாடு ஓட்டி வந்ததில் கூட்டம் எழும்பியது. இறக்கையில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை, வாலடி வெள்ளை, வால் கறுப்பு. கருவால்தான். பட்டைவாலுக்கு இறக்கையில் அப்படிப் பட்டை கிடையாது.

திரும்ப இறங்கியவற்றில் ஒன்று இறகு கோதி முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டது. மேல்மூக்கின் நுனி மட்டும் மேலே மடங்கியது. மூக்கு ஒடிந்துவிட்டதோ என்று எனக்குப் பக்கென்றது. அடுத்த நொடி பழையபடி குச்சி மாதிரி நேராகிவிட்டது.

நாம் பெயர் வைக்கப் பார்ப்பது இந்த அசைவுக்குத்தான். மண்டையின் பின்பக்கம், தாடை மூட்டில் உள்ள சிறு எலும்பைத் தசை முன்னே இழுக்கிறது. அது கன்னத்திலும் அண்ணத்திலும் ஓடும் மெல்லிய எலும்புக் கம்பிகளைத் தள்ள, மேல்மூக்கு நுனியருகே உள்ள மெலிந்த இடத்தில் வளைகிறது. 10 செ.மீ. நீள மூக்கைச் சேற்றுக்குள் விட்டபின் முழுதாகத் திறக்க வேண்டுமென்றால் அத்தனை சேற்றையும் விலக்க வேண்டும். நுனியை மட்டும் திறந்தால் போதும், புழு சிக்கிவிடும். கோட்டானும் (ஆந்தை இல்லை, நீள மூக்குக் கரைப்பறவை) உள்ளானும் இதே வித்தைக்காரர்கள்தான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘நெகிழ்வு’ என்றால் ரப்பர் மாதிரி தானே இளகிக் கொடுப்பது. இங்கே நடப்பது தசை செய்யும் வேலை. ‘அலகு’ இன்னும் தொல்லை. இயற்பியல் படித்த பிள்ளைக்கு அது மீட்டர், கிலோகிராம். ‘பறவை அலகு குத்துகிறது’ என்று எழுதினால் எங்கள் தெருவில் காவடியைத் தேடுவார்கள். நம் ஆட்கள் பறவைக்குப் பெயர் வைத்தபோது அலகைத் தேடிப் போகவில்லை. அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கருவால் மூக்கன் என்று மூக்கையும் வாயையும்தான் பிடித்தார்கள்.

‘நுனியிடுக்கு’ என்று ஒரு யோசனை வந்தது. அடுப்படி இடுக்கி நினைவுக்கு வருவதால் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் பார்த்த பறவை எதையும் இடுக்கவில்லையே, சும்மா கொட்டாவிதானே விட்டது. பயனை வைத்துப் பெயரிட்டால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

ஆகவே ‘நுனிவளைப்பு’. அரிவாள் மூக்கனுக்கு இருப்பது வளைவு. கருவால் மூக்கன் செய்வது வளைப்பு. வளைந்தது, வளைத்தது என்ற தன்வினை பிறவினை வேறுபாட்டைத் தமிழ் ஓர் எழுத்தில் காட்டிவிடுகிறது. அதை ஏன் விட வேண்டும்?

*

ஐயா, வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன்.

வளைப்பு சரி, போலீஸ் வளைப்பு மாதிரி ஒலித்தாலும் பழகிவிடும். நுனிதான் இடிக்கிறது. பறவையியலாளர் ரிச்சர்ட் சூசி 1984இல் இதை வகைபிரித்தபோது நுனியில் வளைவது, நடுவில் வளைவது, அடிப்பக்கம் வளைவது, இரண்டு இடத்தில் வளைவது என்று பல காட்டியிருக்கிறார். பொதுச்சொல்லிலேயே நுனியை வைத்துவிட்டால் மற்றவற்றை எங்கே வைப்பது? அப்புறம் கிளி இருக்கிறது. அது மேல்மூக்கை வளைப்பதில்லை, நெற்றியோரக் கீலில் முழுதாகத் தூக்குகிறது. புரோகைனசிஸ் என்ற அதற்கும் இதோடு சேர்த்துச் சொல் வேண்டும்.

*

நீங்கள் சொல்வதுதான் சரி, தம்பி. என் கண்ணில் பட்டது ஒரு நுனி, அதையே பொதுவாக்கிவிட்டேன். பொதுச்சொல் ‘மூக்குவளைப்பு’. அதன் முன்னால் நுனி, நடு, அடி, இரட்டை என்று சேர்த்துக்கொள்ளலாம். கிளிக்கு ‘மூக்குத்தூக்கல்’. கேட்க வேடிக்கைதான், ஆனால் கொட்டை உடைக்கும் கிளியைப் பார்த்தவர் யாரும் சிரிக்க மாட்டார்.

‘அலகு’தான் வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். என் குறிப்பேட்டில் மட்டும் ‘கருவால் மூக்கன், 7.40, கொட்டாவி, நுனிவளைப்பு’ என்று மையால் எழுதிவிட்டேன். அதை அடிப்பதாக இல்லை.