நடிகர் கட்சிக்கு ஏன் ஓட்டு விழுகிறது? பழைய தேர்தல்களை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: அத்தை மகன்

எங்கள் அத்தை எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போனதில்லை. ஓட்டுக் கேட்டு யாராவது வந்தால் கதவை ஒருக்களித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துகொள்வார். அப்படிப்பட்டவர் 2006-இல் விஜயகாந்த் கட்சிக்குப் போட்டேன் என்று இன்றைக்கும் சொல்கிறார். ஏன் என்று கேட்டால் "அவரைத் தெரியும்டா" என்பதுதான் பதில். எப்படித் தெரியும்? ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. எங்கள் தொகுதியில் நின்றது அவரும் இல்லை, அவர் கட்சிக்காரர் ஒருவர். அந்த ஆளின் பெயர் அத்தைக்கு அன்றைக்கே தெரியாது.

சினிமாவில் மயங்கிவிட்டார் என்று முடித்துக்கொள்ளலாம். ஆனால் மளிகைக்கடை பில்லை மூன்று தடவை கூட்டிப் பார்க்கிறவர் அவர். அதனால்தான் கேட்கிறேன். இப்போது களத்தில் இருக்கும் கட்சிகளை இழுக்க வேண்டாம், திரி சண்டையில் போய் முடியும்.

பதில்: நடுப்பக்கம்

தெரிந்த முகம், அவ்வளவுதான். உங்கள் கவுன்சிலர் எதிரே வந்தால் உங்களுக்கு அடையாளம் தெரியுமா?

பதில்: சுண்ணாம்பு வாளி

நான் சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவன், விருத்தாசலம் பக்கம். 1984-இல் வாளி தூக்கும் பையனாகச் சேர்ந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்தத் தேர்தலில் எம்ஜிஆர் அமெரிக்காவில், புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆண்டிபட்டியில் நின்றார், தொகுதிப் பக்கமே வராமல் ஜெயித்தார். ஆஸ்பத்திரியில் அவரை எடுத்த வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத் திடலில் ராத்திரி காட்டினார்கள். பேச்சு கிடையாது, வாக்குறுதி கிடையாது. மனிதர் உட்கார்ந்து சாப்பிடுகிறார். என் பக்கத்தில் இருந்த ஆயா, "இளைச்சுப் போயிட்டாரே, ஆனா சாப்பிடறாரு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆயாவை மற்றக் கட்சிக்காரர்கள் ஓட்டுக் கேட்கத் தேடி வந்தார்கள். இவரைப் பார்க்க ஆயாவே நடந்து வந்திருந்தார். வித்தியாசம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, இருபது வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

சரி, 2006-க்கு வருகிறேன். கட்சிக்காரர்கள் கூப்பிட்டால் முன்பணம் வாங்காமல் பிரஷ்ஷைத் தொட மாட்டோம். அடிபட்ட அனுபவம், பெரிய கட்சி ஒன்று ஒரு தடவை முழுக்கூலியையும் ஏப்பம் விட்டது. ஆனால் விஜயகாந்த் மன்றத்துப் பையன்கள் வேறு மாதிரி. சுண்ணாம்பை அவர்களே கரைத்து, சுவருக்கு அவர்களே வெள்ளையடித்து, நான் எழுதும்போது டார்ச் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றார்கள். அதில் ஒருவன் ஏணியைப் பிடித்தபடியே தூங்கிப்போனான்! கட்சி தொடங்கியது 2005 செப்டம்பரில்தான். ஆனால் மன்றம் அதற்குப் பல வருஷம் முன்பே தெருவில் இருந்தது. ஆகஸ்ட் 25 அவர் பிறந்தநாள். அன்றைக்கு ரத்ததானம், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், யாராவது ஒரு விதவைக்குத் தையல் மிஷின். வெயில் காலத்தில் தண்ணீர்ப் பந்தல். அவர் ஆபீசுக்கு யார் போனாலும் சாப்பாடு உண்டு என்ற பேச்சை ஊரெல்லாம் பரப்பியதும் இந்தப் பையன்கள்தான். உங்கள் அத்தை "தெரியும்" என்பதில் பாதி, அவர் தெருவில் மோர் ஊற்றிக் கொடுத்த யாரோ ஒரு பையனாக இருக்கும். விசாரித்துப் பாருங்கள்.

"அவர்கிட்ட இல்லாத காசா, இனிமே எதுக்குத் திருடப் போறாரு" என்று டீக்கடையில் பேசுவார்கள். மகா மட்டமான வாதம், பணக்காரன் திருட மாட்டான் என்று யார் சொன்னது? ஆனாலும் இரண்டு பெரிய கட்சிகளும் வேண்டாம் என்று இருந்தவனுக்கு அது போதுமானதாக இருந்தது. விருத்தாசலம் பாமக கையில் இருந்த தொகுதி. அவர் மதுரைப் பக்கத்துக்காரர், இங்கே சொந்தமோ சாதிபலமோ கிடையாது. வந்தார், ஜெயித்தார். மாநிலம் முழுக்க அந்தக் கட்சி ஜெயித்தது அந்த ஒரு இடம்தான், ஆனால் சுமார் 8 சதவீதம் ஓட்டு வாங்கியது.

பதில்: காவிரிக்கரை

அண்ணே, மன்றம்தான் காரணம் என்றால் சிவாஜி ஏன் தோற்றார்? எங்கள் திருவையாறில், 1989-இல், 10,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசம். அவருக்கு இல்லாத மன்றமா? எங்கள் அப்பா மன்றச் செயலாளர், வாரக்கணக்கில் வீட்டில் பேசாமல் இருந்தார். கமலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 2021-இல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் போனது.

பதில்: சுண்ணாம்பு வாளி

தம்பி, அப்பாவையே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சிவாஜி மன்றத்துப் பிள்ளைகள் வளர்ந்ததே காங்கிரசில். 1988-இல் அவர் காங்கிரசை விட்டு வந்து தனிக்கட்சி கண்டு, எம்ஜிஆர் மனைவி ஜானகி அம்மாளின் அதிமுக அணியோடு சேர்ந்தார். அதாவது, அத்தனை வருஷம் யார் ஆட்களோடு தெருவில் மல்லுக்கு நின்றார்களோ, அந்த எம்ஜிஆர் ஆட்களுக்கே ஓட்டுக் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மன்றத்துக்காரர் ஒருவர் சுவரைப் பிடித்துவைத்துவிட்டு என்ன எழுதுவது என்று சொல்லாமலே இரண்டு நாள் இழுத்தடித்தார். மூன்றாம் நாள் அந்தச் சுவரில் வேறு கட்சி எழுதிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. எம்ஜிஆர் எந்த வேஷம் போட்டாலும் எம்ஜிஆர்தான். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், தாயை மதிப்பார். ஓட்டுப் போடுகிறவருக்குத் தெரிந்த ஒரே ஆள். சிவாஜி கட்டபொம்மனாகவே மாறிவிடுவார், அடுத்த படத்தில் அப்பராகிவிடுவார். பெரிய நடிப்பு, யார் இல்லை என்றது? ஆனால் திருவையாறில் வந்து நிற்கும் இந்த ஆள் யார் என்பது ஜனங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. இது என் கணக்கு, தப்பாகவும் இருக்கலாம்.

கமல் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 2021-க்கு முன்பே கடையைக் கட்டிவிட்டேன், எல்லாம் ஃபிளெக்ஸ் ஆகிவிட்டது.

விஜயகாந்த் கதையையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். 2011-இல் அதிமுக கூட்டணியில் 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர். 2016-இல் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் போனது. முகம் அதேதான். ஏணியைப் பிடித்துக்கொண்டு தூங்கினானே, அவன் அதற்குள் துபாய் போய்விட்டான். அவனைப் போல எத்தனை பேர் தெருவை விட்டுப் போனார்களோ.

அத்தை மகன்

அத்தையிடம் கேட்டேன். தண்ணீர்ப் பந்தல் இல்லை. மாமாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுக்க இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள். பணம் நீட்டியதற்கு, "கேப்டன் திட்டுவாரும்மா" என்றார்களாம்.

"சரி, 2016-இல் யாருக்குப் போட்டாய்?" என்றேன். டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.