'ப' வடிவத்தில் பெஞ்ச் போட்டால் வகுப்பறை மாறிவிடுமா?

அருமனை வாத்தியார்:
நேற்று மார்த்தாண்டத்து நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்: "பெஞ்சுகளை 'ப' வடிவத்தில் திருப்பிப் போடுங்கள், கடைசி பெஞ்ச் ஒழியும், பிள்ளைகள் ஓடி வருவார்கள்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 34 வருடம் சாக்பீஸ் பிடித்தவன் நான். இருபதுக்கு இருபது அடி அறை, 40 பிள்ளைகள். மூன்று பேர் உட்காரும் ஐந்தடி பெஞ்ச் 14 வேண்டும். கதவு, பீரோ, போர்டு முன்னால் நிற்க இடம் போக, மூன்று சுவர் ஓரமும் சேர்த்து ஒன்பது பெஞ்ச் போடலாம். மிச்சம் ஐந்தும் எங்கே போகும்? உள்ளே இன்னொரு 'ப'. அப்போது சுவரோரம் இருப்பவன்தான் கடைசி பெஞ்சுக்காரன். அதோடு, இரு பக்கமும் இருக்கிற பிள்ளை நாற்பது நிமிடம் கழுத்தைத் திருப்பியே போர்டைப் பார்க்க வேண்டும். அந்தக் கழுத்துக்கு யார் பதில் சொல்வது?

மார்த்தாண்டம்காரன்:
சார், அந்த நண்பர் நான்தான். நேராகவே கேட்கலாம். "ஓடி வருவார்கள்" என்று நான் எழுதவே இல்லை, "வர மனசு வரும்" என்றுதான் எழுதினேன். ஒரு மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டு கொல்லம் பக்கம் வாளகத்தில் ஒரு பள்ளி பெஞ்சை மாற்றிப் போட்டது. அப்புறம் கேரளத்தில் வேறு பள்ளிகளும் செய்தன. அங்கேயுள்ள பிள்ளைகளுக்கும் கழுத்து இருக்கிறது.

அருமனை வாத்தியார்:
களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் எது நடந்தாலும் மறுநாளே இங்கே கொண்டுவர வேண்டுமா? 1819-லேயே நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்த மண் இது. 2011 கணக்கெடுப்பில் நம் குமரி மாவட்டத்துக்கு 91.75 சதவீத எழுத்தறிவு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். அதெல்லாம் நேர் வரிசை பெஞ்சில் உட்கார்ந்து வந்தது. 2025 ஜூலையில் நம் கல்வித்துறையும் 'ப' வடிவம் என்று சுற்றறிக்கை விட்டது, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தது. எதற்கு எதிர்ப்பு? கழுத்து. கண்.

தக்கலை டீச்சர்:
சார், நான் இப்போதும் வகுப்பில் நிற்கிறவள், அதனால் சொல்கிறேன். 2007-08-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரில் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ந்த கரும்பலகை இருந்தது, ஒவ்வொருவருக்கும் எழுத ஒரு இடம். யாருக்கும் கழுத்து போகவில்லை, ஏனென்றால் யாரும் நாள் முழுக்க ஒரே போர்டை வெறித்துக்கொண்டிருக்கவில்லை. என் வகுப்பில் 17 பிள்ளைகள். வாரம் ஒருமுறை எல்லாரும் இடம் மாறுவார்கள். அவர்கள் வரைந்த படத்தை அவர்கள் கண் மட்டத்தில் ஒட்டுகிறேன், என் கண் மட்டத்தில் அல்ல. காலையில் வாசலில் நின்று "வா மக்ளே" என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அழுதுகொண்டு வந்த பிள்ளைகூட பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. பெஞ்ச் எந்தத் திசையில் கிடந்தாலும் இது நடக்கும்.

அருமனை வாத்தியார்:
17 பிள்ளைக்கு எந்த வடிவமும் நடக்கும் டீச்சர். ஒன்பதாம் வகுப்பில் 40 பேரைப் பாயில் உட்கார வைத்து இயற்கணிதம் நடத்திக் காட்டுங்கள். நான் கேட்டது கழுத்து. அதற்குப் பதில் வரவில்லை.

தக்கலை டீச்சர்:
பதில் சொன்னேன், நீங்கள் படிக்கவில்லை. ஆங்கிலவழி பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், நான் எழுதியதில் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் தொங்கினீர்கள். நான் மறக்கவில்லை.

குளச்சல் அலை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஆசிரியர் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டுவரை நான் கடைசி பெஞ்ச். கடற்கரைப் பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் அங்கேதான். மீன் வாசம் என்று முன் பெஞ்சுக்காரன் மூக்கைப் பொத்துவான், சாரும் சிரிப்பார். நாங்கள் பேசுகிற தமிழைப் பேசிக்காட்டியும் சிரிப்பார். மூன்று வருடத்தில் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பு முடிந்ததும் அப்பாவோடு கடலுக்குப் போனேன். இன்று என் மகள் படிக்கிற வகுப்பில் பெஞ்ச் எப்படிக் கிடக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. சாயங்காலம் வந்ததும், "டீச்சர் இன்றைக்கு உன்னிடம் பேசினார்களா?" என்றுதான் கேட்கிறேன்.

மார்த்தாண்டம்காரன்:
அண்ணே, நீங்கள் சொன்னதுதான் நான் சொல்ல வந்ததும். 'ப' வடிவம் இருந்திருந்தால் உங்களை அந்த சார் தாண்டிப் போயிருக்க முடியாது.

அருமனை வாத்தியார்:
முடியும். சிரிக்கிற வாத்தியார் எந்த வடிவத்திலும் சிரிப்பார். தம்பி பட்டது எனக்கும் வலிக்கிறது, அதைக் கொண்டுவந்து பெஞ்ச் கணக்கில் சேர்க்காதீர்கள். வடிவத்துக்கும் மனசுக்கும் சம்பந்தம் இல்லை. வடிவத்துக்கும் கழுத்துக்கும் சம்பந்தம் உண்டு.

குளச்சல் அலை:
சார், உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் யார் இருந்தார்கள்?

அருமனை வாத்தியார்:
உயரமான பிள்ளைகள். உயர வரிசைப்படிதான் எப்போதும் உட்கார வைத்தேன். யாரையும் ஊர் பார்த்து வைத்ததில்லை.

தோவாளை:
கையில் கம்பு இருந்ததா, அதைச் சொல்லுங்கள் சார். அந்தக் காலத்துக்காரர்கள் கையில் கம்பில்லாமல் நான் பார்த்ததில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் பிள்ளைகளுக்கு மூச்சு வந்தது.

அருமனை வாத்தியார்:
கம்பு இருந்தது. மேஜை மேல்தான் இருந்தது. இன்றைக்கும் ஊருக்குள் போனால் என் பிள்ளைகள் வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசுகிறார்கள், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பேச்சு கம்பைப் பற்றி அல்ல.

மார்த்தாண்டம்காரன்:
சரி, கணக்குக்கே வருகிறேன். நாங்கள் படித்த பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தோம். ஒன்பது பெஞ்சில் 36 பேர். உங்கள் இரண்டாவது 'ப' எங்கே போயிற்று?

அருமனை வாத்தியார்:
ஐந்தடி பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒன்றேகால் அடி. நோட்டை விரிக்க முடியாது. போதாததற்குக் கழுத்தையும் திருப்ப வேண்டும்.

மார்த்தாண்டம்காரன்:
எங்கள் பெஞ்ச் ஆறடி.

அருமனை வாத்தியார்:
ஆறடி என்றால் சுவரோரம் ஒன்பது போட முடியாது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்து எழுதுங்கள்.