கருவும் தங்கக்கூடாது, நோயும் தொற்றக்கூடாது: பெண் கையிலேயே இருக்கும்படி ஒரே சாதனம் உண்டா?

குறிஞ்சி_22 கேட்டது:

கிராம அளவில் நடக்கும் பெண்கள் நல வகுப்புக்குக் குறிப்பு தயார் செய்கிறேன். எந்த ஊரில் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: “ஆணுறைன்னா அவர் காதுலயே வாங்க மாட்டார். நாங்களே போட்டுக்கிற மாதிரி, ரெண்டுக்கும் சேர்த்து ஏதாவது இருக்கா?” காப்பர்-டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாம் கருவை மட்டும்தான் தடுக்கும், பால்வினை நோய்க்கு உதவாது என்பது தெரியும். வளையம், ஜெல், இரட்டை மாத்திரை என்று செய்தியில் அடிபடுகிறதே, அதில் எது நிஜமாகக் கைக்கு வந்தது, எது இன்னும் ஆய்வில் நிற்கிறது? இன்னொன்று, பெண்ணுறையைச் சொல்லிக்கொடுத்தால் “நழுவிடுச்சு, வேண்டாம்” என்று திரும்பி வருகிறார்கள். தப்பு எங்கே நடக்கிறது?

தாதியர்_அறை:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இரண்டையும் தடுப்பது, பெண்ணே போட்டுக்கொள்ளக்கூடியது என்ற கணக்கில் இன்றைக்குத் தேறுவது பெண்ணுறை ஒன்றுதான்.

அதில் இரண்டு வகை புழக்கத்தில் உண்டு. எஃப்சி2 என்பது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்த பை, நீளம் சுமார் 17 செ.மீ. மூடிய முனைக்குள் ஒரு வளையம் ஒட்டாமல் கிடக்கும். திறந்த வாயில் பெரிய மெல்லிய வளையம் ஒட்டியிருக்கும். க்யூபிட் என்பது இயற்கை ரப்பர் லேடெக்ஸ். உள் வளையத்துக்குப் பதில் ஸ்பாஞ்ச், வெளியே எண்கோணச் சட்டம். எது கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வகுப்பையே தொடங்க வேண்டும். நைட்ரைலில் தேங்காய் எண்ணெய் பட்டால் ஒன்றும் ஆகாது. லேடெக்ஸில் பட்டால் சில நிமிடங்களிலேயே வலுவிழந்து கிழியத் தயாராகிவிடும். நம் வீடுகளில் வழுவழுப்புக்கு முதலில் கை போவதே எண்ணெய்ப் பாட்டிலுக்குத்தானே.

எஃப்சி2 போடும் முறை: காலாவதித் தேதியைப் பாருங்கள். பாக்கெட்டின் மேலேயே தேய்த்து உள்ளிருக்கும் வழவழப்பைப் பரப்பிவிட்டு, வெட்டுக்குறி இருக்கும் இடத்தில் கையால் கிழியுங்கள். கத்தரி, பல் இரண்டும் கூடாது. குந்தி உட்கார்ந்தோ ஒரு காலைத் திண்ணை மேல் தூக்கி வைத்தோ, உள் வளையத்தைப் பையோடு சேர்த்துக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் ‘8’ போல் நசுக்கி உள்ளே செலுத்தவும். பிறகுதான் முக்கியமான வேலை: ஆள்காட்டி விரலைப் *பைக்குள்* விட்டு, உள் வளையம் முன்புற இடுப்பெலும்பைத் தாண்டி மேலே போகும்வரை தள்ளவும். வெளி வளையம் வெளியிலேயே, இரண்டு மூன்று செ.மீ. தொங்கினாற்போல் இருக்கும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

நழுவுவதாகச் சொல்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: “நடக்கும்போது உள்ளே உறுத்துச்சா?” ஆமாம் என்றால் வளையம் எலும்புக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. வெளி வளையம் உள்ளே இழுபட்டால், அல்லது சலசலவென்று சத்தம் வந்தால் வழவழப்புக் குறைவு. பைக்குள் இன்னும் கொஞ்சம் விடலாம். இன்னொரு தப்பு கண்ணுக்கே தெரியாது: ஆணுறுப்பு பைக்குள் போகாமல், பைக்கும் யோனிச் சுவருக்கும் நடுவே போய்விடும். அதனால் முதல் நுழைவைப் பெண் கையால் வழிகாட்ட வேண்டும். பை உள்ளே திருகிக் கிடந்தாலும் இதே கதைதான். கூடுதல் பாதுகாப்பு என்று ஆணுறையையும் சேர்த்துப் போடச் சொல்லாதீர்கள், இரண்டும் உரசி நழுவும், கிழியும்.

எழுந்து நிற்பதற்கு முன்பே வெளி வளையத்தைப் பிடித்து இரண்டு சுற்று முறுக்கி மெதுவாக இழுத்தால் விந்து சிந்தாது. காகிதத்தில் சுற்றிக் குப்பையில். உறவுக்கு 8 மணி நேரம் முன்னாடியே போட்டுவிடலாம் என்பதுதான் இதன் பெரிய பலம்; குடித்துவிட்டு வருகிறவரிடம் அந்த நேரத்தில் பேரம் பேசத் தேவையில்லை.

கருத்தடைக் கணக்கு கொஞ்சம் சுமார்தான்: வழக்கமான பயன்பாட்டில் ஓராண்டில் 100 பெண்களில் சுமார் 21 பேர் கருத்தரிக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் சரியாகப் போட்டால் 5 பேர்.

மூலக்கூறு:

புதியவற்றுக்கு வருகிறேன். செய்திகளில் ‘பால்வினை நோய்’ என்று எழுதியிருந்தால் அது எச்.ஐ.வி. மட்டும்தானா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

டாபிவிரின் வளையம்: யோனிக்குள் வைக்கும் மெத்தென்ற சிலிகான் வளையம், டாபிவிரின் என்ற எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 25 மி.கி., 28 நாளுக்கு ஒன்று. 2016-ல் வெளியான இரண்டு பெரிய ஆப்பிரிக்க ஆய்வுகளில் எச்.ஐ.வி. தொற்றைச் சுமார் 30% குறைத்தது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனால் கருவைத் தடுக்காது, வெட்டை (கொனோரியா), க்ளமிடியா, சிபிலிஸ் போன்ற பாக்டீரியா நோய்கள் எதையும் தடுக்காது. காரணம் எளிது. டாபிவிரின் முடக்குவது எச்.ஐ.வி. தன்னைப் படியெடுக்கும் நொதியை. பாக்டீரியாவுக்கு அந்த நொதியே இல்லை.

அதில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற கருத்தடை ஹார்மோனைச் சேர்த்த 90 நாள் வளையம் ஆரம்பக்கட்ட மனித ஆய்வுகளைக் கண்டது. இரண்டு மருந்தையும் ஒரே சிலிகானில் கலப்பதுதான் தலைவலி: சிலிகான் இறுகும்போது நடக்கும் வேதிவினையில் ஹார்மோன் மூலக்கூறும் மாட்டிக்கொண்டு ஒட்டிவிடும், வெளியே வராது.

ஜெல் கதை இன்னும் வருத்தம். யோனி இயல்பில் அமிலத்தன்மை கொண்டது, பிஎச் (அமில-கார அளவு) 3.5 முதல் 4.5 வரை. விந்து காரத்தன்மை உள்ளது, உள்ளே வந்ததும் அதை ஏற்றிவிடும். லாக்டிக் அமிலம், சிட்ரிக் அமிலம், பொட்டாசியம் பைடார்ட்ரேட் கலந்த ஃபெக்ஸி ஜெல் அந்த அமிலத்தை விடாமல் பிடித்து வைக்கிறது, விந்தணு நீந்த முடிவதில்லை. உறவுக்கு முந்தைய 1 மணி நேரத்துக்குள் 5 கிராம். ஒவ்வொரு உறவுக்கும் புதிது. கருத்தடைக்கு 2020-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. க்ளமிடியா, வெட்டையைக் குறைப்பதாக இரண்டாம் கட்ட ஆய்வு ஆசை காட்டியது. 2022-ல் வந்த மூன்றாம் கட்ட முடிவில் அந்தப் பலன் நிரூபணமாகவில்லை. எனவே கருத்தடை ஜெல் என்று மட்டும் சொல்லுங்கள்.

கடைகளில் விற்கும், யோனிக்குள் வைக்கும் கருத்தடை மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் எச்சரியுங்கள். அதில் இருப்பது நோனாக்ஸினால்-9, சோப்பு மாதிரி ஒரு பொருள். விந்தணுவின் மேலுறையைக் கரைக்கிற அதே வேலையை யோனிப் படலத்திலும் செய்கிறது. 2002-ல் வெளியான ஆய்வில், அதை அடிக்கடி பயன்படுத்திய பாலியல் தொழிலாளிகளுக்கு எச்.ஐ.வி. கூடியது, குறையவில்லை. “கிருமியையும் கொல்லும்” என்று யாராவது விற்றால் நம்பக்கூடாது.

வைகைக்கரை:

இரட்டை மாத்திரையை விட்டுவிட்டீர்கள். 28 மாத்திரை கொண்ட அட்டை: முதல் 21-ல் கருத்தடை ஹார்மோனும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் (டெனோஃபோவிர் 300 மி.கி., எம்ட்ரிசிடாபின் 200 மி.கி.), கடைசி 7-ல் தடுப்பு மருந்து மட்டும். சாதாரணக் கருத்தடை அட்டையில் கடைசி 7 மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. இங்கே அப்படிச் செய்தால் எச்.ஐ.வி. பாதுகாப்பு போய்விடும். யோனித் திசுவில் டெனோஃபோவிர் குறைவாகவே சேர்வதால் பெண்கள் தினமும் விடாமல் எடுத்தாக வேண்டும். தொடங்குமுன் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ்-பி, சிறுநீரகப் பரிசோதனை தேவை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், ஒளிப்பொறி தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள், புதிதாகப் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு இந்த ஹார்மோன் ஒத்துவராது. இதுவும் வெட்டை, சிபிலிஸுக்கு உதவாது.

வகுப்பில் சொல்வதற்கு: கருவுக்கு ஒன்று, தொற்றுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காப்பர்-டி 380ஏ 10 ஆண்டு கருவைப் பார்த்துக்கொள்ளும்; உறை தொற்றைப் பார்த்துக்கொள்ளும். சீழ்போல் வெள்ளைப்படுதல் இருந்தால் முதலில் சிகிச்சை, பிறகுதான் காப்பர்-டி. இல்லாவிட்டால் தொற்று கருப்பைக்குள் ஏறும்.

குறிஞ்சி_22:

நன்றிங்க. உறை கிழிந்துவிட்டால்?

தாதியர்_அறை:

இரண்டு கடிகாரமும் அப்போதே ஓட ஆரம்பித்துவிடும். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. அவசர மாத்திரை 72 மணி நேரத்துக்குள், சீக்கிரம் போட்டால் பலன் கூடுதல். எச்.ஐ.வி. பயம் இருந்தால் அதே 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய் 28 நாள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-ல் கேட்கலாம், நம்பிக்கை மையத்திலும் (அரசு எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) வழி சொல்வார்கள். கழுவுகிறேன் என்று யோனிக்குள் தண்ணீர், சோப்பு, டெட்டால் விட வேண்டாம்.